ஒன்பதரை வயதுப் பெண்ணுக்கு முதல் ரைபிள்: எதை வாங்கலாம்?

குடமுருட்டி எழுதியது:

வணக்கம். பாபநாசத்துக்கும் திருவையாற்றுக்கும் நடுவே எங்கள் ஊர். மகளுக்கு ஒன்பதரை வயது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தாள். அன்றிலிருந்து துடைப்பக்கட்டை, குடை, கரும்பு என்று கையில் சிக்கியதெல்லாம் தோளுக்குப் போய்விடுகிறது. பத்து நாள் ஆசை என்று நினைத்தேன். போகவில்லை.

குறுவை நெல் போட்ட பணத்தில் 25 ஆயிரம் ஒதுக்கியிருக்கிறேன். .22 என்கிற சின்னத் தோட்டா ரைபிள்தான் குழந்தைகளுக்குத் தொடக்கம் என்று இணையத்தில் படித்தேன். அது நமக்குக் கிடைக்குமா? இல்லையென்றால், பெரியப்பா வீட்டுப் பத்தாயத்தின் மேல் ஒரு பழைய ஏர்கன் கிடக்கிறது. அதைத் துடைத்துக் கொடுத்தால் போதுமா? மனைவிக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெட்டாறு எழுதியது:

தம்பி, பெரியப்பா ஏர்கனே போதும். எட்டு வயதில் நான் அதில்தான் பழகினேன். மடக்குகிற இடத்தில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் புதிது போலச் சுடும். வயலில் வந்து உட்காரும் கொக்கு, மடையானை வைத்தே பழகலாம். மயில் வேறு நாற்றங்காலை நாசம் செய்கிறது. பிள்ளைக்குப் பயிற்சியும் ஆயிற்று, வயலுக்குக் காவலும் ஆயிற்று.

வடுவூர் ஏரி எழுதியது:

வெட்டாறு ஐயா, வயதில் பெரியவர் என்பதால் மெதுவாகச் சொல்கிறேன். மயில் தேசியப் பறவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஏர்கனால் சுட்டாலும் வேட்டைதான், வழக்குதான். நீங்கள் சொல்லும் கொக்குக்கும் அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. எங்கள் வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024-இல் சேர்ந்தது. அங்கே வந்திறங்குகிற பறவைகள் இரை தேடி வருவது நம் வயல்களுக்குத்தான்.

ஏர்கன் ரவை பட்ட நத்தைகுத்தி நாரை ஒன்றை ஒருமுறை மடியில் வைத்திருந்தேன். இறக்கை எலும்பில் ஈயம் பதிந்திருந்தது. சாக மூன்று நாள் ஆயிற்று. அந்தப் பெண் குழந்தைக்கு முதல் பாடமாக இதுவா கிடைக்க வேண்டும்?

வெட்டாறு எழுதியது:

சரி சரி, கொக்கை விட்டுவிடுகிறேன். தகர டப்பாவைச் சுடட்டும். எண்ணெய் விஷயத்தில் மட்டும் நான் சொன்னது சரி.

அரசலாறு எழுதியது:

அதுவும் சரியில்லை ஐயா, பிறகு வருகிறேன். முதலில் .22.

பள்ளி ஆசிரியராகவும் என்.சி.சி. அலுவலராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். மாணவர்களை .22 சுட வைத்திருக்கிறேன். படுத்த நிலையில், ஆளுக்கு ஐந்து தோட்டா. ஒவ்வொரு பையன் பக்கத்திலும் ஒருவர் முழங்காலிட்டு உட்கார்ந்திருப்பார். அத்தனை கட்டுக்காவலிலும் ஒருவன் "சார், சுடவில்லை" என்று துப்பாக்கியோடு திரும்பிவிட்டான். அந்த ஒரு நொடி இன்னும் என் வயிற்றில் இருக்கிறது.

நம் நாட்டில் .22 என்பது முழுத் துப்பாக்கி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், உரிமத்துக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பயிற்சிக்காக மட்டும் 12 வயது நிரம்பியவர்கள் கண்காணிப்பில் சுட விதிகளில் இடம் உண்டு. ஒன்பதரை வயதுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. ஏர் ரைபிள் அப்படியல்ல. குழல் விட்டம் 4.5 மி.மீ.க்குள்ளும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் உரிமம் தேவையில்லை. கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். பெரியவர் பெயரில் வாங்குங்கள்.

சட்டத்தை விடுங்கள், மண்ணைப் பாருங்கள். .22 தோட்டா உயரத் தூக்கிச் சுட்டால் ஒன்றரைக் கிலோமீட்டரையும் தாண்டிப் போய் விழும். தேனிப் பக்கம் என்றால் பின்னால் மலை இருக்கும். நமக்கு என்ன இருக்கிறது? கல்லணையிலிருந்து கடல்வரை தாம்பாளம்போல் தட்டை. வரப்புக்குப் பின்னால் வாய்க்கால், வாய்க்காலுக்குப் பின்னால் ஒரு தெரு, களத்துமேட்டில் யாராவது நெல் தூற்றிக்கொண்டிருப்பார்கள். வைக்கோல் போர் தோட்டாவைத் தடுக்கும் என்று நினைக்காதீர்கள். ஏர் ரைபிள் ரவைகூட வேலியைத் தாண்டிச் சில நூறு அடி போகும்.

கோரையாறு எழுதியது:

முத்துப்பேட்டைக்காரன், இப்போது டெக்சாஸில் இருக்கிறேன். குடமுருட்டி படித்தது இங்கத்திய விஷயமாக இருக்கும். இங்கே குழந்தைகளுக்கென்றே .22 செய்கிறார்கள். கிரிக்கெட், சாவேஜ் ராஸ்கல் என்று பெயர்கள். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. கிரிக்கெட் ஏறக்குறைய 1.1 கிலோ எடை. அதில் தோட்டாவைப் போட்டபின் பின்னால் உள்ள குமிழைத் தனியாக இழுத்தால்தான் சுடத் தயாராகும். தோளில் பதிக்கும் கட்டையின் பின்முனையிலிருந்து விசைவரை பதினொன்றரை அங்குலம்.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பதினொன்றரை அங்குலத்தை மட்டும்தான். பெரியவர்கள் துப்பாக்கியில் அது பதின்மூன்றரை, பதினான்கு. குழந்தை அதைப் பிடித்தால் முதுகை வில்லாக வளைத்து, கழுத்தை நீட்டி, கட்டையை அக்குளுக்குள் திணித்துக்கொள்ளும். அப்படிப் பழகிய உடம்பை நிமிர்த்த வருடக்கணக்காகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2013-இல் கென்டக்கியில் ஐந்து வயதுப் பையன், தன் இரண்டு வயதுத் தங்கையை அதே வகைக் குட்டித் துப்பாக்கியால் சுட்டுவிட்டான். குழந்தை இறந்துபோனது. துப்பாக்கி அறை மூலையில் சாத்தியிருந்தது. உள்ளே ஒரு தோட்டா இருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. பரிசாக வந்த துப்பாக்கி. இங்கே பிள்ளை வளர்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பெட்டி பூட்டியிருக்கும், சாவி என் கழுத்தில் இருக்கும்.

பாமணி எழுதியது:

மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். என் மகன் பதினொரு வயதில் தொடங்கினான், இப்போது பதினாறு. 10 மீட்டர் ஏர் ரைபிள். ஐந்து வருடமாக வாரம் தவறாமல் திருச்சிக்குப் பஸ்ஸில் அழைத்துப்போய் வந்தவள் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை. தவறான துப்பாக்கியை முதலில் வாங்கியவளும் நான்தான். அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

நான் வாங்கியது பெரியப்பா வைத்திருக்கும் அதே ரகம். குழலை மடக்கினால் உள்ளே சுருள்வில் அழுந்தும், விசையை இழுத்தால் வில் பாய்ந்து காற்றைத் தள்ளும். சில ஆயிரங்களில் கிடைக்கும், பஞ்சாயத்து இல்லாத பொருள். ஆனால் பதினொரு வயதுப் பையனால் அதை மடக்க முடியவில்லை. தொடையில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து மடக்குவான். மடக்கிய நிலையில் குழலை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ரவையைப் போட வேண்டும். பிடி விட்டு, உள்ளே கொக்கியும் நழுவினால் குழல் சாட்டை மாதிரி மேலே பாயும். அவன் கட்டைவிரல் நகம் அப்படித்தான் போயிற்று. அன்றிரவு நான் தூங்கவில்லை.

அது போகட்டும். சுடுவதிலும் அது குழந்தைக்கு எதிரி. ரவை குழலைவிட்டு வெளியே வருவதற்குள் உள்ளே வில் பாய்கிற வேகத்தில் துப்பாக்கியே முன்னும் பின்னும் உதறும். பிடித்த பிடி கொஞ்சம் மாறினாலும் ரவை வேறிடம் போகும். பெரியவர்கள் பழகிச் சமாளிப்பார்கள். குழந்தை, தான் செய்த தவறா துப்பாக்கி செய்த தவறா என்று தெரியாமல் அழும்.

போட்டிக்குரிய ரைபிளில் வில் கிடையாது. உருளையில் 200 பார், அதாவது வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய இருநூறு மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்து வைத்திருப்பார்கள். கைப்பிடியைச் சுண்டுவிரலால்கூடத் திறக்கலாம், ரவையை வைக்கலாம், மூடலாம். உதறலே தெரியாது. அரை கிராம் ஈய ரவை விநாடிக்கு 170 மீட்டர் வாக்கில் போகும். கணக்குப் போட்டால் ஏழு ஜூல் சொச்சம். வேகம் கூடினால் நல்லது என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். பத்து மீட்டர் தூரத்தில் இருப்பது காகிதம், காட்டெருமை இல்லை.

அந்தக் காகிதத்தில் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ., பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. நடுவில் பத்து மதிப்பெண் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசியாகச் சுட்டது 10.8. நாட்டின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அந்தப் புள்ளியில்தான் இருந்தது.

இனி விலை. வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் ரைபிள்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். சிறுவர்களுக்கென்று குட்டைக் கட்டை வைத்த ரகங்களும் உண்டு. இந்தியாவில் பிரெசிஹோல் போன்றவர்கள் செய்வது அதைவிடக் குறைவு, ஆனாலும் 25 ஆயிரத்தில் நல்ல போட்டி ரைபிள் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆகவே என் பதில்: இந்த வருடம் எதையும் வாங்காதீர்கள். சுடுதளத்தில் கிளப் ரைபிள் இருக்கும். அதை மேசைமேல் தாங்கியில் வைத்துச் சுடட்டும். பெரியவர்களுக்கான ரைபிள் நான்கு கிலோவுக்கு மேல், விதிப்படி ஐந்தரைக் கிலோவரை போகும். நின்று சுடும்போது இடுப்பு எலும்பில் முழங்கையை ஊன்றி, முதுகைப் பின்னால் சாய்க்க வேண்டும். 25 கிலோ உடம்பு அதைச் செய்யக் கூடாது. ஜெர்மனியில் பொதுவிதியாக 12 வயதுக்குக் கீழே ஏர் ரைபிளே கிடையாது, ஒளியை உமிழும் விளையாட்டு ரைபிளில்தான் பழக்குகிறார்கள்.

சுடும்போது உடம்பு அசையாமலிருக்கப் போடும் கோட்டும் வாங்காதீர்கள். கேன்வாஸ் கோட்டு மரப்பலகை மாதிரி இருக்கும். ஆறு மாதத்தில் கை வெளியே வந்துவிடும். சித்திரை வெயிலில் அதை மாட்டிய பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

அரசலாறு எழுதியது:

பாமணி அம்மா எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். எண்ணெய் விஷயத்தை மட்டும் முடித்துவிடுகிறேன். வெட்டாறு ஐயா, உங்கள் வயலில் டீசல் பம்புசெட் இருந்திருக்கும். அதில் ஸ்பார்க் பிளக் உண்டா? கிடையாது. காற்றை வேகமாக அழுத்தினால் வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. வில் துப்பாக்கிக்குள் எண்ணெய் விட்டால் நடப்பதும் அதேதான். "புதிது போலச் சுடும்" என்றீர்களே, உள்ளே வெடிக்கிறது. அதனால்தான் சத்தமும் புகையும். வில் ஒடியும், காற்றுக் கசியாமல் தடுக்கும் அடைப்பான் கருகும். 200 பார் காற்று நிற்கிற உருளையின் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு போகவே கூடாது.

வெட்டாறு எழுதியது:

நாற்பது வருடமாக அந்தப் புகையை நான் வீரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடமுருட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாமணி அக்கா எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "இந்த அம்மாவிடம் இன்னும் கேளுங்கள்" என்றாள். அது எங்கள் வீட்டில் பாதிச் சம்மதம்.

தையல்காரரிடம் டேப் வாங்கி அளந்தேன். முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணுவரை பத்தே முக்கால் அங்குலம். இதுதானே கட்டையின் நீளம்?

ஒரு சந்தேகம். தெரிந்தவர் ஒருவர் பழைய ஜெர்மன் ரைபிளை 70 ஆயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார். கடன் வாங்கியாவது எடுத்துவிடலாமா என்று மனம் அலைகிறது.

பாமணி எழுதியது:

அளவு சரி. அதைவிட அரை அங்குலம் கூடினால் பரவாயில்லை, இரண்டரை அங்குலம் கூடினால் ஆகாது. கட்டையை நீட்டிக் குறைக்கும் வசதி உள்ளதா என்று பாருங்கள்.

பழைய ரைபிளில் முதலில் பார்க்க வேண்டியது குழலை அல்ல, காற்று உருளையை. அதன்மேல் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். ஜெர்மன் உருளைகளுக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள் கணக்கு. அது தாண்டியிருந்தால் புது உருளையின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அழுத்தமானியைப் பார்த்துவிட்டு ஓர் இரவு வையுங்கள், காலையில் முள் இறங்கியிருந்தால் கசிவு. கைப்பம்பில் அடித்தவர் என்றால் இன்னும் யோசியுங்கள். நம் பக்கத்து ஐப்பசிக் காற்றில் பாதி தண்ணீர், அது உள்ளே போய் உட்காரும். எப்படியிருந்தாலும் கடன் வேண்டாம். நடவுக்கு வாங்கும் கடன் வேறு, இது வேறு.

இன்னும் ஒன்று. வாங்குவதற்கு முன்னால் அவளுக்கு எந்தக் கண் முதன்மை என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சின்னத் துவாரம் விட்டு, அதன் வழியாகக் கோபுரக் கலசத்தை இரு கண்ணாலும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது கலசம் துவாரத்துக்குள் நிற்கிறதோ அதுதான் முதன்மைக் கண். துப்பாக்கியை அந்தப் பக்கத் தோளில் பிடிப்பது நல்லது. என் மகன் வலக்கைக்காரன், இடக்கண்காரன். அது தெரியவே எங்களுக்கு எட்டு மாதம் ஆயிற்று.

வடுவூர் ஏரி எழுதியது:

ஈயத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ரவை ஈயம். பிள்ளைகள் வாயில் போட்டு அதக்கிக்கொள்வார்கள், நானே செய்திருக்கிறேன். குழந்தைகளின் மூளைக்கு ஈயம் கெடுதல். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் முறுக்கைத் தொட வேண்டும். ரவை டப்பா சமையலறைப் பக்கமே வரக் கூடாது.

குடமுருட்டி எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

திருவையாற்றில் ஐயாறப்பர் கோயில் கோபுரத்தை வைத்துப் பார்த்தோம். அவள் இடக்கண். எழுதுவது வலக்கை. இரண்டு முறை பார்த்தேன், மூன்றாவது முறை அவளுக்கே அலுத்துவிட்டது.

போன ஞாயிறு திருச்சியில் ஒரு சுடுதளத்துக்குப் போனோம். பயிற்சியாளர் அம்மா முதல் அரைமணி நேரம் துப்பாக்கியையே தொடவிடவில்லை. குழல் எப்போதும் இலக்குப் பக்கம், விரல் விசைக்கு வெளியே, எந்தத் துப்பாக்கியும் நிரம்பியது என்றே நினைக்க வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு ரைபிளின் குழலுக்குள்ளும் ஆரஞ்சு நிற நைலான் கயிறு ஒன்று நுழைந்து இரண்டு பக்கமும் தொங்குகிறது. உள்ளே ரவை இல்லை என்பதற்கு அடையாளமாம். பிறகு தாங்கியில் வைத்து, இடத் தோளில் பிடிக்கச் சொல்லிப் பத்து ரவை கொடுத்தார். ஆறு கறுப்புக்குள், மூன்று வெள்ளையில், ஒன்று எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த ஒன்றைப் பற்றி மட்டுமே பேசினாள்.

பெரியப்பா ஏர்கன் கதையையும் சொல்ல வேண்டும். கோரையாறு எழுதியது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஊருக்குப் போய்ப் பத்தாயத்தின் மேலிருந்து இறக்கினேன். குழலை மடக்கினேன். கை முழுப் பலத்தோடு போயிற்று, எதிர்ப்பே இல்லை, சும்மா தொங்கியது. வில் ஏற்கெனவே ஏற்றிய நிலையில் இருந்திருக்கிறது. உள்ளே வெள்ளை பூத்த ரவை ஒன்று. பெரியப்பாவுக்கு நினைவே இல்லை, "உங்கள் அத்தை இருந்தபோது குரங்கு வந்தது" என்றார். அத்தை போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்தப் பத்தாயத்துக்குக் கீழேதான் பொங்கலுக்குப் பிள்ளைகள் எல்லாம் பாய் விரித்துப் படுப்பார்கள்.

ரவையைக் குச்சியால் எடுத்துவிட்டு மூடி வைத்திருக்கிறேன். வில் இன்னும் ஏறியே இருக்கிறது. அரசலாறு சார், ரவை இல்லாமல் விசையை இழுத்தால் கெட்டுவிடும் என்கிறார்கள். என்ன செய்வது?

அரசலாறு எழுதியது:

ரவை இல்லாமல் விட்டால் அடைப்பான் அடிபடும், உண்மை. ஆனால் அதைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, சிமெண்டுச் சாக்கில் ஆற்றுமணலைக் கெட்டியாக நிரப்பி, சுவரோரம் இரண்டாக அடுக்குங்கள். புது ரவை ஒன்று போட்டு, கண்ணாடி அணிந்துகொண்டு, சாக்கின் நடுவில் சுட்டு இறக்குங்கள். கல்லும் இரும்பும் இலக்கு ஆகாது, தெறிக்கும். பிறகு வில்லைக் கழற்றிப் போடத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

குடமுருட்டி எழுதியது:

செய்துவிட்டேன். "தொப்" என்று ஒரு சத்தம், ரவை சாக்குக்குள் விரற்கடைகூடப் போகவில்லை. கட்டையை மட்டும் பெரியப்பா வைத்துக்கொண்டார்.

70 ஆயிரம் ரைபிள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வலக்கைக் கட்டை அது. அக்கா, ஞாயிறு காலை வருகிறோம், நீங்கள் எத்தனை மணிக்கு வருவீர்கள்? மனைவியும் வருகிறாள்.

பாமணி எழுதியது:

ஒன்பது மணிக்கு இருப்பேன். தட்டையான அடி உள்ள ஷூ போட்டு அழைத்து வாருங்கள், ஹவாய்ச் செருப்பு வேண்டாம். கழுத்து மூடிய சட்டை. தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள், பக்கத்தில் நல்ல கடை இல்லை. சோப்பு நான் கொண்டுவருகிறேன்.